கொட்டாஞ்சேனையில் இரவல் வெயில்

"நீங்கள்தானா எங்கட அம்மாவைப் பேய்க்காட்டின ஆள்?"

கொழும்பில் என்னை வரவேற்ற முதல் வாக்கியம் இது. பேய்க்காட்டுவது என்றால் ஏமாற்றுவது என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டவள் ஷெரின். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஏழாம் மாடி வீடு அவளுடையது. என் துணிப்பையைப் பார்த்தாள், அதைவிடக் கனமான கருவிப்பெட்டியைப் பார்த்தாள், கதவை முழுதாகத் திறக்கலாமா என்று யோசித்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பிடவில்லை. இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தாள். எங்கள் தூத்துக்குடியில் இதற்குத் தேங்காய்ப்பாலும் சீனியும்தான். சொதி எங்கள் ஊர்ச் சொதி போலக் கெட்டியாக இருக்கும் என்று நினைத்து ஊற்றினேன், ரசம் போல ஓடியது. தட்டைச் சாய்த்துக் குடித்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்கு என் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

நான் சின்ன வீடுகள் செய்கிறவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சார்ஜாவில் வெல்டிங் பழகி, கட்டட வேலை நடக்கும் இடங்களில் தகர அறைகள் செய்து, பிறகு கொடைக்கானல் பக்கம் ஒரு தோட்டத்தில் மின்கம்பியே வராத ஒற்றை அறை வீடு ஒன்று கட்டினேன். யாரோ அதைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஷெரினின் அம்மா ரெஜினா அதைக் கைபேசியில் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். அப்போது இருந்த ஊர் எனக்கு அலுத்துப்போயிருந்தது. எந்த ஊரிலும் பூசிய சுவர் காய்வதற்குள் எனக்குக் கால் அரிக்கும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"அம்மாவுக்குச் சீனி வருத்தம். ரெண்டு நேரம் இன்சுலின்" என்றாள் ஷெரின். "கரண்ட் நாள் முழுக்க வெட்டின வருசம் மருந்தெல்லாம் சூடாகிப் பழுதாப் போயிட்டுது. அவவுக்குத் தெரியேல்ல. அதையே போட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. நான் போகேக்க நிலத்தில விழுந்து கிடந்தா. இப்ப நீங்கள் கரண்டே இல்லாத வீடு கட்டப் போறீங்கள்."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

அவள் நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னாள். வீட்டைக் கட்டலாம். அந்தோனியார் திருவிழா முடியும்வரை அதற்குள் மருந்து குளிராக இருக்க வேண்டும். இருந்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள். ஒரு நாள் தவறினாலும் அம்மா இந்த ஏழாம் மாடிக்கு வந்துவிட வேண்டும், கொட்டாஞ்சேனை நிலத்தை அம்மாவின் தம்பியான மாமாவுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அம்மாவும் சம்மதித்திருக்கிறார்.

அன்று கூடத்தில் படுத்தேன். அத்தனை உயரத்தில் எனக்குத் தூக்கம் வராது. விடிந்ததும் இறங்கிப் போய்க் கடலோரத் தண்டவாளத்தில் நடந்தேன். பின்னால் வந்த ரயில் ஊதிய ஊதலில் கற்களுக்குள் குதித்தேன்.

கொட்டாஞ்சேனை வேறு உலகம். ஒரு மூலையில் மாதா கூடு, அடுத்த மூலையில் கோயில் மணி, நடுவில் பாங்கு. கப்பல் ஊதினால் சந்து முழுக்கக் கேட்கிறது. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது, எங்கள் ஊர்க் கடற்கரைத் தெருக்களைக் கொண்டுவந்து நெருக்கி அடுக்கியது போல.

ரெஜினாக்கா கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் டெலிபோன் எடுத்தவர். குரலைக் கேட்டால் உடனே தெரியும். வாக்கியத்தை முடிக்குமுன் நம்மை வேறு ஆளிடம் மாற்றிவிடுவார் போலிருக்கும்.

"வாங்கோ தம்பி. இதுதான் என்ட ராச்சியம்" என்று காட்டினார்.

எட்டடி அகலம், இருபதடி நீளம். அப்பா காலத்து வீட்டின் பின்புறத்து வெற்று நிலம். போன வருடம் அவருடைய அம்மா இறந்த பிறகு பாகம் பிரித்ததில் முன்வீடும் முற்றமும் தம்பி எமிலுக்கு, இந்தத் துண்டு அக்காவுக்கு. நடுவில் கழுத்தளவு சுவர். தெருவிலிருந்து மின்கம்பி இழுக்க வேண்டுமானால் எமிலின் முற்றத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், அதற்கு அவர் கையெழுத்து வேண்டும். தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் அதே வழிதான். எமில் கையெழுத்துப் போட மாட்டார். அந்தத் துண்டைத் தனக்கே தர வேண்டும் என்கிறார். இருவருக்கும் பேச்சு நின்று ஒரு வருடம் ஆகிறது.

இந்தியாவில் என்னிடம் இப்படி வீடு கேட்டு வருபவர்கள் இயற்கை, எளிமை என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். கம்பி வேண்டாம், குழாய் வேண்டாம் என்று தம்பியோடு போட்ட சண்டைக்காக ஒருவர் கேட்டது இதுதான் முதல் முறை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

"மக வீட்டுல என்ன குறை, அக்கா?"

"ஏழாம் மாடியில கடல் தெரியும். மனுசர் தெரியாது."

வேலை தொடங்கியது. அடித்தளம் தோண்டினால் எமிலின் சுவர் அசைந்துவிட்டது என்று புதுச் சண்டை வரும். அதனால் தரையைத் தொடாமல், எட்டு ஜாக்கிகளின் மேல் நிற்கும் இரும்புச் சட்டம். வெளியே சிமெண்டுப் பலகை, உள்ளே ஒட்டுப்பலகை. படுக்கைக்கு அடியில் அலமாரி. கூரையை ஒரு பக்கமாகச் சாய்த்து மழைநீர் தொட்டிக்குப் போகும்படி வைத்தேன். கூரை மேல் இரண்டு சோலார் பேனல், சமையல் மேடைக்கு அடியில் பேட்டரி, லாரி ஓட்டுநர்கள் வைத்துக்கொள்ளும் சின்னக் குளிர்பெட்டி ஒன்று. சட்டத்தை ஆமர் வீதியில் ஒரு பட்டறையில் பற்றவைத்து, துண்டு துண்டாகத் த்ரீவீல் ஆட்டோவில் கொண்டுவந்தோம். நீளக் கம்பி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, ஓட்டுநர் ஒவ்வொரு திருப்பத்திலும் மாதாவைக் கூப்பிட்டார். அவர் புத்த சமயத்தவர்.

கழிவறையில்தான் அக்கா முரண்டு பிடித்தார். தண்ணீர் இல்லாமல் மரத்தூள் போடும் கழிவறை.

"முப்பது வருசம் இங்கிலீசில ஹலோ சொன்ன நான், பூனை மாதிரி மண் தள்ளுறதோ?"

"மண் இல்லக்கா, மரத்தூள்."

"ஓ, உயர்ந்த சாதிப் பூனை!"

ஆனால் சாக்கடை எமிலின் முற்றத்தில் ஓடுகிறது என்று நினைவுபடுத்தியதும் பேசாமல் சம்மதித்துவிட்டார்.

ஜன்னலை வெள்ளவத்தையிலேயே தேடினேன். அடுக்குமாடி கட்டுவதற்காக அங்கே பழைய வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சந்தில் தேக்கு ஜன்னல் ஒன்று கண்ணாடியோடு கிடந்தது. தலையில் வைத்து ரயிலேறினேன். பெட்டியில் நிற்கவே இடமில்லை. ஜன்னலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நின்றேன். அதன் வழியாக என்னைப் பார்த்த ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. பக்கத்தில் நின்ற பெண் எனக்காகத் தமிழில் சொன்னாள்: "ஜன்னலோர சீட் கிடைக்காதெண்டு பயந்து வீட்டிலிருந்தே கொண்டுவந்திட்டாராம்." பம்பலப்பிட்டியில் ஏறிய கூட்டம் தள்ளியதில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டது. மாற்றலாம் என்றேன். அக்கா விடவில்லை. விரிசலின் மேல் அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டினார். "இனி அவர் பிடிச்சுக்கொள்வார்."

சுவர் எழுந்ததும் நான் ஏழாம் மாடியை விட்டு இங்கேயே வந்து படுத்தேன். காலையில் பாண் என்கிற ரொட்டியும் பருப்பும், பத்து மணிக்குப் பால் இல்லாத தேநீர், மாலையில் இறால் வடை. திருகாணி வாங்கப் போகும் இடம் பின்சந்தில் நிஸாம் நானாவின் இரும்புக்கடை. எதைக் கேட்டாலும் முதலில் கேலிதான் கிடைக்கும். "என்ன தம்பி, இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து பெட்டி அடிக்கிறீங்க. மையத்துப் பெட்டியா, மனுசப் பெட்டியா?" மையத்து என்றால் பிணம். எப்போதும் அவசரமாகவே போவேன், அவசரமாகவே திரும்புவேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்க எனக்குத் தெரியாது என்று அவர் கடைக்கு வருபவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

எமில் ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற பெரிய உடம்புக்காரர். சுவருக்கு அப்பால் நின்று, "உங்களோட எனக்கு ஒரு கோபமும் இல்லை தம்பி. வேலையைச் செய்யுங்கோ. சைன் மட்டும் கேக்க வேணாம்" என்றார். நான் கேட்கவில்லை.

வீடு முடிந்தது. பால் காய்ச்சி, பாதிரியார் வந்து தண்ணீர் தெளித்து, அக்கா வாடகை அறையைக் காலி செய்து குடியேறினார். ஷெரின் சின்ன வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்து குளிர்பெட்டிக்குள் மருந்தின் பக்கத்தில் வைத்தாள். எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது என்றாள். ஐந்து காட்டியது. மறுநாளும் ஐந்து. என் ஊரில் நம்பியது போல் இங்கே வெயிலை நம்ப முடியவில்லை, ஜூன் மாதத்து மழை வந்து வந்து போனது. ஆனாலும் கிடைத்த வெளிச்சம் போதுமாக இருந்தது. என் கால்கள் அரிக்கத் தொடங்கின. பையைக் கட்டி வைத்தேன்.

அப்போதுதான் லாரியில் தகரம் வந்து இறங்கியது.

எமிலின் முற்றத்தில் ஆட்கள் குழாய்களை நட்டு, மேலே தகரம் வேய ஆரம்பித்தார்கள். இரண்டு ஆள் உயரத்தில் பந்தல். மதியத்துக்குள் முற்றத்தை மூடி, சுவரைத் தாண்டி, நம் கூரையின் மேலும் ஒரு வரிசைத் தகரம் நீண்டது. இரண்டு பேனல்களும் நிழலுக்குள் போயின.

"என்னக்கா இது?"

"அந்தோனியார் பந்தல்" என்றார் சாதாரணமாக. "ஒவ்வொரு வருசமும் போடுறதுதானே."

அப்பா துறைமுகத்தில் உயரத்திலிருந்து விழுந்து உயிர் தப்பிய வருடம் வைத்த நேர்த்தியாம். திருவிழா அன்று வருகிறவர்களுக்கெல்லாம் இந்த முற்றத்தில் சோறு. அப்பா இருந்தவரை அப்பா, பிறகு அம்மா, இப்போது எமில்.

வந்த முதல் நாளே நான் நிழலைப் பற்றி விசாரித்திருந்தேன். பக்கத்தில் மரம் உண்டா, யாராவது மாடி எழுப்பப் போகிறார்களா, எந்த மாதம் வெயில் எந்தப் பக்கம் சாயும், எல்லாம் கேட்டேன். புனிதரைக் கேட்கவில்லை. அக்காவுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பந்தலின் கீழே நின்றவருக்கு அது நிழல் என்று எப்படித் தோன்றும்?

"போன வருசமும் இவ்வளவு நீளமா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். "ஒரு வரிசை கூடத்தான். சனம் கூட வருமெண்டு நீட்டினானோ, என்ட வெயிலை மறைக்க நீட்டினானோ, அது அந்தோனியாருக்குத்தான் தெரியும்."

திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள். வானமும் மூடியிருந்தது. சாயங்காலம் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்தினேன், குளிர்பெட்டி மட்டும் ஓடியது. மறுநாள் காலை வெப்பமானி ஆறு காட்டியது. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கதவை மெதுவாக மூடினார். நான் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எட்டுக்கு இருபதில் நடக்க அதிக இடமில்லை.

ஒரு வழி தெரிந்தது. அந்தச் சோற்றுக்கு முதல் மூன்று கை அரிசியை உலையில் போட வேண்டியது குடும்பத்தின் மூத்தவர். அம்மா போன பிறகு அது ரெஜினாக்காதான். அவர் போடாமல் அந்த உலையில் யாரும் அரிசி போட மாட்டார்கள். பேச்சு நின்ற பிறகு வரும் முதல் திருவிழா இது.

"அக்கா, இப்போ நீங்க சொன்னா கேட்பாரு. அந்த ஒரு வரிசைத் தகரத்தை உருவினாத்தான் அரிசி போட வருவேன்னு சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டெலிபோனில் தவறான இலக்கம் வந்தால் இப்படித்தான் பார்த்திருப்பார்.

"அரிசியைக் காட்டி வெயில் வாங்கச் சொல்லுறீங்களோ? அது அப்பாட நேர்த்தி, தம்பி. நீங்கள் வேற வழி பாருங்கோ. இல்லாட்டி என்ட பெட்டியைக் கட்டுங்கோ, நான் வெள்ளவத்தைக்குப் போறன்."

அவர் சொன்னது விளையாட்டு இல்லை. சாமி படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துடைக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்.

நான் வெளியே ஓடினேன். எங்கே என்று தெரியாமல்தான் ஓடினேன். நிஸாம் நானாவின் கடை வாசலில் நின்றேன்.

"என்ன தம்பி, மூஞ்சி தொங்கிப் போய் இரிக்கி?"

சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார். தன் கடையின் மேல் தளத்தை அண்ணாந்து பார்த்தார். கான்கிரீட் தளம், மேலே ஒரு தண்ணீர்த்தொட்டி, வேறு எதுவும் இல்லை.

"என்ட ஸ்லெப்புல வெயில் சும்மாதானே கெடக்கி. எடுத்துக்கோங்க. ஆனா ஒண்டு."

"என்ன நானா?"

"இந்த வாட்டி இருந்து பிளேன்டீ குடிச்சிட்டுத்தான் போகணும்."

உட்கார்ந்து குடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான தேநீர் குடித்ததில்லை.

பிறகு பேனல்களைக் கழற்றினோம். நானாவின் கடை ஆள் ஒருவரும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து, பந்தல் ஆட்கள் வாய்பார்க்க, சந்தைச் சுற்றித் தூக்கிப் போனோம். எமில் முற்றத்தில் வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். முதல் பேனல் போனபோது பார்த்தார். இரண்டாவது போனபோது எழுந்து நின்றார். பேனலைப் பார்த்தார், பிறகு தன் தகரத்தைப் பார்த்தார். தளத்திலிருந்து தடித்த வயரை இரண்டு கூரைகளின் மேலாக இழுத்து வந்து இணைத்தேன். மேகம் விலகி ஒரு மணி நேரம் வெயில் அடித்தது. வெப்பமானி ஆறிலேயே நின்றது, ஏறவில்லை. சாயங்காலம் ஐந்துக்கு வந்தது. அக்கா சாமி படத்தைத் திரும்ப மாட்டினார்.

திருவிழா அன்று காலையிலேயே சந்து நிரம்பிவிட்டது. தமிழ், சிங்களம் என்று எல்லாப் பேச்சும் கேட்டது. எங்கள் ஊர்த் திருவிழாவிலும் இப்படித்தான், எந்த மதத்துக்காரர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. எமிலின் முற்றத்தில் மூன்று பெரிய கிடாரங்களில் தண்ணீர் கொதித்தது. அரிசி கழுவித் தயாராக இருந்தது. யாரும் போடவில்லை. எமில் அகப்பையைப் பிடித்துக்கொண்டு தீயைப் பார்த்து நின்றார். கூப்பிடவும் இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பவும் இல்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. சனங்கள் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அக்கா…" என்றேன்.

"வாறன். சேலைக்கு ஊசி குத்த வேணாமோ?"

தலைக்கு முக்காடிட்டு, சந்தைச் சுற்றி வாசல் வழியாகப் போனார். சிலுவை போட்டார். மூன்று கை அரிசி அள்ளிப் போட்டார். திரும்பி வந்தார். அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் கை நீட்டியபோது எமில் அரிசிக் கூடையைத் தாழ்த்திப் பிடித்ததை நான் பார்த்தேன்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கருவாட்டுக் குழம்பு. நான் மூன்று தடவை உட்கார்ந்தேன், யாரும் அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் அக்கா தானாகவே போய்க் கிடாரம் துடைத்த துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, நம் மழைத் தொட்டித் தண்ணீரில் துவைக்க உட்கார்ந்தார்.

அந்த நேரம் ஷெரின் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் குளிர்பெட்டியிடம் போய்த் திறந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஐந்து" என்றாள். பிறகு என்னிடம், "பேனல் எங்க?"

சொன்னேன். அவள் நானாவின் தளத்தை எட்டிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். "சின்னன்தான். ஆனா காத்து வருது" என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் நான் எதிர்பார்க்கவில்லை.

பந்தல் இறங்கியதும் பேனல்களைத் திரும்ப மாட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று பையைத் தோளில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே ஏதோ அசைந்தது. ஒரு நீள வயர். முனையில் பல ப்ளக் குத்தும் பலகை. எமிலின் கை அதைச் சுவர் மேலாக இறக்கி, நம் பக்கத்துக் கூரைக் கொக்கியில் மாட்டிவிட்டு மறைந்தது. பலகையில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாருங்கோ அம்மா, மாமா கரண்ட் தந்திருக்கிறார்!" என்றாள் ஷெரின். "குத்துங்கோ. இனி ஒரு பயமும் இல்லை."

அக்கா வயரைப் பார்த்தார். சுவரிலிருந்து நம் கூரைவரை அது நேராக, இறுக்கமாக நின்றது. எழுந்தார். துவைத்த துணியில் ஒன்றைப் பிழிந்து, உதறி, அந்த வயரின் மேல் போட்டார். அடுத்ததையும் போட்டார்.

"அம்மா!" என்று ஷெரின் கத்தினாள். நான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன், அக்கா கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

சுவருக்கு அப்பால் எமிலின் தலை எழும்பியது. தன் முற்றத்துத் துணிகள் தன் வயரில் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தார்.

"அக்கா, அது கரண்ட் வயர்."

ஒரு வருடத்தில் முதல் வார்த்தை.

"தெரியும்" என்றார் ரெஜினாக்கா, மூன்றாவது துணியைப் பிழிந்துகொண்டே. "நல்ல பலமான வயர். எனக்குக் கொடி ஒண்டு இல்லாமத்தான் கஷ்டமா இருந்தது."

எமில் நின்றார். மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். ஈரத்துணிகளைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போனார். உள்ளே சுவிட்ச் ஒன்று தட்டும் சத்தம் கேட்டது.

பலகையில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

அக்கா மீதித் துணிகளையும் போட்டார்.